கோபுரத்தைவிடக் குட்டையான காட்ஸில்லா



கோடை விடுமுறையில் நம் பொது அரங்கில் பிள்ளைகளுக்குக் காட்ஸில்லா படம் ஒன்று போட்டோமே, நினைவிருக்கிறதா? பாதிப் படத்தில் ஒரு பொடியன் என்னிடம் கேட்டான்: "தாத்தா, இது ஆண்டாள் கோயில் கோபுரத்தைவிடப் பெருசா?" வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 1954-ல் வந்த முதல் காட்ஸில்லாவுக்கு உயரம் 50 மீட்டர், அதாவது 164 அடி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 192 அடி. அந்த மிருகம் நம் ரத வீதிக்கு வந்தால் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். பின்னால் வந்த காட்ஸில்லாக்கள் கோபுரத்தையும் தாண்டி வளர்ந்துவிட்டன. அதை அவனிடம் சொல்லவில்லை.

அந்த முதல் படம் விளையாட்டுக்கு எடுத்ததல்ல. 1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பசிபிக் கடலில் பிகினி தீவில் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அதன் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் மீது விழுந்து, அதிலிருந்த 23 பேரும் நோயில் விழுந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் காட்ஸில்லா திரைக்கு வந்தது. குண்டுச் சோதனையால் கிளம்பி வந்த மிருகம் அது.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் ஒரு பூத மிருகப் படம் எடுத்துவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா? 1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களுடன் கூட்டுச் சேர்ந்து எடுத்த 'காடு'. ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்'. வில்லியம் பெர்க் இயக்கம்; ராட் கேமரூன், சீசர் ரோமெரோவுடன் நம் எம்.என். நம்பியாரும் உண்டு. கதை இதுதான்: யானைக் கூட்டங்கள் வெறிகொண்டு ஊர்களுக்குள் புகுகின்றன. காட்டுக்குள் வேறு ஏதோ இருக்கிறது, அதற்குப் பயந்துதான் யானைகள் ஓடிவருகின்றன என்கிறான் வேட்டைக்காரன். யாரும் நம்பவில்லை. போய்ப் பார்த்தால், அழிந்துபோனதாக நினைத்த மாமூத், சடைமுடி யானை. ஜப்பானில் மனிதனுக்கு ரப்பர் உடுப்பு மாட்டினார்கள். நம்மவர்கள் யானைக்கே முடிப் போர்வையைப் போர்த்தி வேலையை முடித்தார்கள். தந்திரக் காட்சியாகப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் யானை ஏன் ஊருக்குள் வருகிறது என்று கேட்ட படம் அது.

நம் பக்கத்துக்கு இது புதிய கதையும் அல்ல. வில்லி, கண்டன் என்ற வேட்டுவச் சகோதரர்களில் கண்டனைப் புலி கொன்றதாகவும், தம்பியைத் தேடி அலைந்த வில்லி, கனவில் பெருமாள் சொன்னபடி காட்டைத் திருத்தி ஊர் அமைத்ததாகவும் தல புராணம் சொல்கிறது. வில்லிபுத்தூர் என்ற பெயரே புலியிடம் ஆளை இழந்த வீட்டின் பெயர்.

காட்டு யானையைக் கொன்றால் சென்னை மாகாண அரசே பரிசுப் பணம் கொடுத்த காலமும் இருந்தது. பிறகு 1873-ல் அதே அரசு யானையைக் காக்கச் சட்டம் போட்டது. 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காக நம் மலையில் சரணாலயம் வந்தது. 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து நாட்டின் 51-வது புலிகள் காப்பகம் ஆனது, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். மேற்கே கேரளத்தின் பெரியாறு காடு தொடர்கிறது. யானைக்கு மாநில எல்லை தெரியாது. தோப்பு எல்லையும் தெரியாது.

இங்கேதான் எனக்குச் சிக்கல். மழைக்கு முந்தைய மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் அடிவாரத் தோப்பில் யானை நிற்கும் வீடியோ ஒன்று சுற்றியது, பின்னால் சினிமா இசை வேறு. நானும் ரசித்து, மலையடியில் தென்னை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "உங்களுக்கு அது வீடியோ, அத்தான். எனக்கு அது மூணு வருஷம்." முந்தைய வாரம்தான் அவன் தோப்பில் பதினொரு இளந்தென்னைகளைச் சாய்த்துக் குருத்தை மட்டும் உரித்துத் தின்றுவிட்டுப் போயிருந்தது. மூன்று வருடம் தண்ணீர் விட்டு வளர்த்த கன்றுகள்.

யானை ஒரு நாளைக்கு 150 கிலோவுக்குக் குறையாமல் தின்னும். காட்டில் நாள் முழுக்க நடந்து தேட வேண்டியதைத் தோப்பு ஒரே இடத்தில், தண்ணீரோடு, வரிசையாக நட்டு வைத்திருக்கிறது. அதன் பக்கத்திலிருந்து பார்த்தால் தவறே இல்லை. ஆனால் இதை மூன்றாவது மாடியில் உட்கார்ந்து அவனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலியில் திருட்டு மின்சாரம் விடுவதைப் பற்றி அவன் தோப்புப் பக்கம் பேச்சு அடிபட்டது. அதில் யானையும் சாகும், ராத்திரி மடை திருப்பப் போகிறவனும் சாவான். அவன் செய்யவில்லை. சோலார் வேலிக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறான்.

உங்களில் பலருக்கும் அடிவாரத்தில் மாவோ தென்னையோ இருக்கிறது. என்ன நடந்தது, என்ன செய்து பார்த்தீர்கள் என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுவோம். 'காடு' படத்தைத் தியேட்டரில் பார்த்த பெரியவர்கள் யாராவது இருந்தால் பி பிளாக்குக்கு ஒரு குரல் கொடுங்கள், நான் வந்து கேட்டுக்கொள்கிறேன்.