ஃபைவ் ஸ்பொட்: ஒரு தவறணையும் ஒரு பொலிஸ் அட்டையும்

ஜாஸ் கேட்கத் தொடங்கின ஆட்கள் ஏதோ ஒரு கட்டத்தில் ஓர் ஒலிப்பதிவுக்கு வந்து சேருவினம். 1957 நவம்பர் 29, நியூயோர்க் கார்னகி ஹோல். பியானோவில் தெலோனியஸ் மொங்க், சக்சபோனில் ஜோன் கொல்ட்ரேன். இப்ப போனிலேயே கேட்கலாம். அதில் எங்களைப் பிடித்து நிறுத்துவது அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருக்கிற பழக்கம். மொங்க் ஒரு சுரத்தை வேணுமெண்டே விட்டுவிட்டுப் போகிற இடங்களில், அது வராது என்று தெரிந்தவர் மாதிரி கொல்ட்ரேன் அந்த வெளிக்குள் நுழைகிறார். ஒரு நாள் ஒத்திகையில் வாற காரியம் இல்லை அது.

அதற்கு முதல் நாலைந்து மாதங்கள் அவர்கள் ஒரு தவறணையில் இரவிரவாக வாசித்திருந்தார்கள். பெயர் ஃபைவ் ஸ்பொட் கஃபே. ‘பார்’ என்று எழுதினால் எங்களில் பலருக்கு ஏசியும் மங்கல் வெளிச்சமும்தான் ஞாபகம் வரும், அதனால் தவறணை என்றே எழுதுகிறோம். இங்கே கள்ளு, அங்கே பியர். குடிக்க வாறவரின் பொக்கற்றில் இருக்கிற காசு ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்தத் தவறணை இருந்தது மன்ஹற்றனின் கீழ்ப்பக்கம், பவரி என்ற தெரு முடிகிற கூப்பர் சதுக்கத்தில், 5ஆம் இலக்கத்தில். பவரி அந்தக் காலத்தில் வீடில்லாதவர்களின் தெரு. சில சதத்துக்கு ஓர் இரவு படுக்க இடம் தருகிற விடுதிகள், அடைவுகடைகள், காலமையே திறக்கிற குடிக்கடைகள். தெருவுக்கு மேலால் இரும்புத் தூண்களில் மூன்றாம் அவெனியூ ரயில் ஓடியது. சத்தம் ஒரு பக்கம், கீழே வெயிலும் விழாது. அப்படியான தெருவில் வாடகை ஏறாது. தெர்மினி என்ற இத்தாலிய வம்சாவளிக் குடும்பம் 1937இலிருந்து அங்கே குடிக்கடை நடத்தியது. பிறகு அதைப் பொறுப்பெடுத்தவர்கள் மகன்மாரான ஜோவும் இக்கியும்.

1955 மே மாதம் அந்த ரயில் நின்றது. தண்டவாளத்தைக் கழற்றினார்கள், தெருவுக்கு வெளிச்சம் வந்தது. பக்கத்துத் தெருக்களில் பெரிய, மலிவான மேல்மாடி அறைகளைத் தேடிக்கொண்டிருந்த ஓவியர்கள் இந்தப் பக்கம் வரத் தொடங்கினார்கள். வில்லெம் டி கூனிங், ஃப்ரான்ஸ் க்லைன், லாரி ரிவர்ஸ், கிரேஸ் ஹார்ட்டிகன் எல்லாரும் தெர்மினி சகோதரர்களின் பியர் குடித்தவர்கள். இன்றைக்கு டி கூனிங்கின் ஒரு படம் மில்லியன் கணக்கில் விலைபோகுது. அந்த நேரம் இவர்களுக்கு ஃபைவ் ஸ்பொட் பிடித்ததற்கு முக்கிய காரணம் விலைதான் என்று நாங்கள் நினைக்கிறோம். கலைஞர்கள் கூடிய இடம் என்று பிறகு எழுதுகிற எல்லாரும் அந்த விலைப்பட்டியலை மறந்துவிடுகிறார்கள்.

ஓவியர்களுக்குப் பின்னால் 1956இல் இசை வந்தது. அந்த வருஷக் கடைசியில் செசில் டெய்லர் என்ற 27 வயதுப் பியானோக்காரர் அங்கே வாசித்தார். அவருடைய இசையை இன்றைக்கும் பலரால் பத்து நிமிஷம் கேட்க ஏலாது, அந்தத் தவறணை அவருக்கு இடம் கொடுத்தது. சுவரெல்லாம் கண்காட்சிச் சுவரொட்டிகள், ஒரு பக்கம் குடிமேசை, நூறு பேர் வசதியாக இருக்க இடம் காணாது.

நகரத்தின் மிக முக்கியமான பியானோக்காரர்களில் ஒருவர் அந்த நேரம் சும்மா வீட்டில் இருந்தார். ஏன் என்பதற்கு ‘கபரே அட்டை’ பற்றிச் சொல்லவேணும். 

1926இல் நியூயோர்க் நகரசபை கபரே சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. குடிக்கிற, சாப்பிடுகிற இடத்தில் ஆட்டம் பாட்டம் இருந்தால் தனி லைசன்ஸ் எடுக்கவேணும். ஹார்லெமில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே தளத்தில் ஆடிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சட்டம் யாரை நினைத்து எழுதப்பட்டது என்பதில் வரலாற்றாசிரியர்கள் பலருக்குச் சந்தேகம் இல்லை. 1940இலிருந்து அது இன்னும் இறுகியது. இப்படியான இடங்களில் வேலை செய்கிற ஒவ்வொருவரும், பாடகர், வாத்தியக்காரர், பரிமாறுகிறவர், கோப்பை கழுவுகிறவர் வரைக்கும், பொலிசிடம் போய் விரல் அடையாளம் கொடுத்து, படம் எடுத்து, அடையாள அட்டை வாங்கவேணும். அட்டையைக் கொடுக்கிறதும் பொலிஸ், பறிக்கிறதும் பொலிஸ். கட்டணக் காசு போனது பொலிஸ் ஓய்வூதிய நிதிக்கு. தண்டனை பெற்ற ஒருவர் சிறையில் தன் காலத்தை முடித்துவிட்டு வந்தாலும் அட்டை திரும்பி வராது. அதாவது நீதிமன்றம் கொடுத்த தண்டனை முடிந்த இடத்தில் பொலிஸ் கொடுக்கிற தண்டனை தொடங்கும், அதற்கு முடிவுத் திகதி கிடையாது.

பாஸ், கிளியரன்ஸ், பொலிஸ் பதிவு என்ற சொற்களோடு வளர்ந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கட அம்மா அப்பா இன்னமும் வெளியில போக முதல் ஐசி இருக்கா எண்டு ஒருக்கா பொக்கற்றைத் தடவிப் பார்ப்பினம்.

பில்லி ஹொலிடேயின் கதை பலருக்குத் தெரியும். 1947இல் போதைப்பொருள் வழக்கில் சிறை, 1948 மார்ச்சில் விடுதலை. பத்து நாள் போல கழித்து கார்னகி ஹோலில் பாடினார், அரங்கு நிறைந்து வழிந்தது. கார்னகி ஹோலில் அப்ப குடி விற்கவில்லை, அதனால் அங்கே அட்டை தேவைப்படவில்லை. ஆனால் தெருமுனையில் முப்பது பேர் இருக்கிற ஒரு குடிக்கடையில் அவர் சம்பளத்துக்குப் பாட முடியாது. சாகும்வரை, கிட்டத்தட்ட பன்னிரண்டு வருஷம் அப்படியே. இதில் இழப்புப் புகழ் இல்லை, புகழ் அவருக்குத் தாராளமாக இருந்தது. வாராவாரம் வாற சம்பளம்தான் போனது. கூடவே ஒவ்வொரு இரவும் அதே பாட்டை வேறு மாதிரிப் பாடிப் பார்க்கிற இடமும் போனது.

மொங்கின் கதை 1951 ஓகஸ்டில் தொடங்குகிறது. நிறுத்திவைத்த காருக்குள் அவரும் பட் பவல் என்ற இன்னொரு பியானோக்காரரும் இருந்தபோது பொலிஸ் வந்தது. ஹெரோயின் பொதி மொங்கின் காலடியில் கிடந்தது. அது அவருடையது இல்லை என்பது அவரை அறிந்தவர்கள் எல்லாரும் சொன்னது. யாருடையது என்று மொங்க் சொல்லவேயில்லை. 60 நாள் சிறை. வெளியில் வந்தபோது அட்டை இல்லை. அப்ப அவருக்கு 33 வயது, வீட்டில் இரண்டு வயதுகூட ஆகாத மகன்.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஆறு வருஷம். இந்த ஆறு வருஷத்தில் அவருடைய இசைத்தட்டுகள் தொடர்ந்து வெளிவந்தன. 1954இல் பாரிசுக்குப் போய் வாசித்துவிட்டு வந்தார். பொலிஸ் எட்டிப் பார்க்காத புரூக்ளின், புரொங்ஸ் பக்கத்துச் சின்ன இடங்கள் சிலதில் இருந்திருந்து வாசித்தார். சொந்த நகரத்தின் நடுவில், தன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் இறங்குகிற தூரத்தில், வேலை எடுக்க முடியவில்லை. மனைவி நெல்லி வேலைக்குப் போனார், வீடு அதில்தான் ஓடியது. ஜாஸ் புத்தகங்களில் நெல்லி பெரும்பாலும் ஒரு பாட்டின் தலைப்பாக மட்டும் வருவா. 1957 வசந்தத்தில் அவ வருத்தமாகி ஆஸ்பத்திரியில் இருந்தபோது மொங்க் எழுதின ‘க்ரெப்பஸ்க்யூல் வித் நெல்லி’. அழகான பாட்டுத்தான். ஆனால் அந்த ஆறு வருஷ வாடகை கட்டினது யார் என்ற வரியும் பக்கத்தில் எழுதப்படவேணும்.

இப்படியான வருஷங்களை ‘மேதையின் தனிமை’ என்று எழுதுகிற ஒரு வழக்கம் இருக்கு. ஒதுங்கியிருந்தார், தன் காலத்துக்கு முன்னால் இருந்தார், உலகம் பிறகு வந்து சேர்ந்தது. எங்களுக்கு இது எரிச்சலைத் தருகிறது. அவர் தானாக ஒதுங்கவில்லை. ஒரு காரியாலயத்தில் ஒரு கோப்பு மூடிக் கிடந்தது.

அந்தக் கோப்பைத் திறக்க வைத்தவர்களில் முக்கியமானவர் ஹரி கொலொம்பி. பள்ளிக்கூட ஆசிரியர், படிப்பிக்கிற நேரம் போக மொங்குக்கு மனேஜர். பனோனிக்கா என்ற ரொத்சைல்ட் குடும்பத்துப் பெண்ணும் உதவிக்கு இருந்தார். 1957இல் அட்டை திரும்பி வந்தது. அதே வருஷம் ஜூலை 4 அன்று ஃபைவ் ஸ்பொட்டில் மொங்க் வேலை தொடங்கினார். அமெரிக்காவின் சுதந்திர தினம். திகதி தற்செயலாக அமைந்ததுதான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரேல்ல.

கொஞ்ச நாளில் கொல்ட்ரேன் வந்து சேர்ந்தார். அவருக்கும் அப்ப நல்ல காலம் இல்லை. ஹெரோயின் பழக்கத்தால் அந்த ஏப்ரலில் மைல்ஸ் டேவிஸ் தன் குழுவிலிருந்து அவரை நிறுத்தியிருந்தார். பழக்கத்தை விட்டுவிட்டு, 30 வயதில், திரும்ப முதலிலிருந்து படிக்க வந்த ஆள். பேஸில் வில்பர் வேர், அவருக்குப் பிறகு அஹ்மட் அப்துல் மாலிக். ட்றம்ஸில் ஷடோ வில்சன். 

கொல்ட்ரேன் வாசித்துக்கொண்டு போக, மொங்க் பியானோவை விட்டு எழும்புவார். பக்கத்தில் நின்று தன்பாட்டில் சுற்றிச் சுற்றி ஆடுவார். கொல்ட்ரேனுக்கு அடியில் பேஸும் ட்றம்ஸும் மட்டும்தான். எந்தச் சுரக்கூட்டில் நிற்கிறம் என்று காட்ட ஆளில்லை. நினைத்த நேரம் மொங்க் திரும்பி வந்து, எதிர்பாராத இடத்தில் இரண்டு விரலால் ஒரு அடி அடிப்பார். அவரோடு வாசிக்கும்போது ஓர் இடத்தைத் தவறவிட்டால், பெட்டி இல்லாத லிஃப்ற் குழிக்குள் காலை வைத்த மாதிரி இருக்கும் என்று கொல்ட்ரேன் பிறகு சொல்லியிருக்கிறார். கிட்டத்தட்ட ஒவ்வொரு இரவும் அந்தக் குழி, டிசம்பர் வரைக்கும். இடையில் செப்டெம்பரில் அவர் ‘ப்ளூ ட்ரேன்’ பதிவு செய்தார். ஏப்ரலில் வேலை போன ஆளா இது என்று கேட்டுப் பாருங்கோ.

இதைப் படிப்பிக்க அன்றைக்கு வேறு நிறுவனம் இருக்கவில்லை. ஸ்டூடியோவில் மணித்தியாலக் கணக்குக் காசு, பிழை விடப் பயம். கச்சேரி மண்டபத்தில் ஒரே இரவு. தவறணையில் மட்டும்தான் நேற்றுப் பிழைத்ததை இன்றைக்குத் திருத்திப் பார்க்கலாம், சனம் பாதி கேட்கும், பாதி கதைச்சுக்கொண்டிருக்கும். அட்டையைப் பறித்தபோது பொலிஸ் பறித்தது இந்த வகுப்பறையை.

அந்த மாதங்களில் ஃபைவ் ஸ்பொட்டில் வாசித்ததற்குச் சரியான ஒலிப்பதிவு ஒன்றும் எங்கள் கையில் இல்லை. இரண்டு பேரும் வேறு வேறு இசைத்தட்டுக் கம்பனிகளோடு ஒப்பந்தத்தில் இருந்தது அதற்கு ஒரு காரணம். கார்னகி ஹோல் பதிவுகூட ‘வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா’ வெளிநாட்டு ஒலிபரப்புக்காக எடுத்தது. பிறகு மறந்து, 2005இல் காங்கிரஸ் நூலகத்தில் பெட்டியோடு கண்டெடுத்தார்கள். கவனியுங்கோ, அமெரிக்க அரசு ஜாஸைச் சுதந்திரத்தின் சத்தம் என்று உலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் இது. 1958இல் அதே திட்டத்தில் டேவ் புரூபெக்கின் குழு இலங்கைக்கும் வந்து வாசித்தது. சுதந்திரத்தின் சத்தம் கொழும்புக்கு வர அரசே ரிக்கற் போட்டது. அதே சத்தம் நியூயோர்க்கில் ஒரு தவறணைக்குள் போக விரல் அடையாளம் கொடுக்கவேண்டியிருந்தது.

அட்டை நிரந்தரமாகவும் இருக்கவில்லை. 1958 ஒக்டோபரில் மொங்க், பனோனிக்கா, சக்சபோன்காரர் சார்ளி ரௌஸ் மூவரும் வேலைக்காக பால்ற்றிமோர் போகிற வழியில், டெலவெயர் மாநிலத்தில் ஒரு விடுதியில் நின்றார்கள். மொங்க் தண்ணி கேட்டார். உள்ளே இருந்தவர்களுக்கு அந்தப் பெரிய, பேசாத கறுப்பு மனிதரைக் கண்டு பயம். பொலிஸ் வந்து அவருடைய கைகளில் அடித்தது. பியானோக்காரரின் கை. காரில் கஞ்சா இருந்தது, பனோனிக்கா தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டார். அப்படியிருந்தும் நியூயோர்க் பொலிஸ் மொங்கின் அட்டையைத் திரும்ப எடுத்தது. மீண்டும் கிடைத்தது 1960இல்.

அந்த இடைவெளியில், 1959 ஜூலை 17 அன்று, பில்லி ஹொலிடே ஆஸ்பத்திரிக் கட்டிலில், பொலிஸ் காவலில் இறந்தார். அதே வருஷம் ஜே. ஜே. ஜோன்சன் என்ற ட்ரொம்போன்காரர் வழக்குப் போட்டுத் தன் அட்டையை வென்றெடுத்தார். அது தொடக்கம். அட்டை முறை முழுதாக ஒழிந்தது 1967இல். மூலச் சட்டம் 2017 வரைக்கும் இருந்தது என்றால் நம்புவீங்களா?

ஃபைவ் ஸ்பொட் 1959 நவம்பரில் ஓர்னெட் கோல்மனைக் கொண்டுவந்து இன்னொருக்கா நகரத்தைச் சண்டை பிடிக்க வைத்தது. 1962இல் பக்கத்துத் தெருவுக்கு மாறியது. பழைய கட்டடம் இடிக்கப்பட்டது.

ஒரு ரேப் மட்டும் மிஞ்சியிருக்கு. கொல்ட்ரேனின் மனைவி நைமா வீட்டு ரெக்கோடர் ஒன்றை ஃபைவ் ஸ்பொட்டுக்குக் கொண்டுபோய்ப் பதிந்தது, 1993இல்தான் வெளிவந்தது. நாள் 1957 இல்லை. அடுத்த வருஷம் செப்டெம்பரில், மொங்கின் குழுவில் அப்ப இருந்த சக்சபோன்காரருக்குப் பதிலாகக் கொல்ட்ரேன் ஓர் இரவு வந்து வாசித்தது. சத்தம் மோசம், பேஸ் ஒழுங்காகக் கேட்காது, பியானோ எங்கேயோ தூரத்தில். சக்சபோன் மட்டும் மைக்குக்குக் கிட்ட நிற்குது. ஹெட்போனில் கேளுங்கோ, நடுநடுவே மேசைகளில் ஆட்கள் கதைக்கிறதும் விழும். டெலவெயர் விடுதிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு.