தள்ளாடிய எலி சொன்ன கதை

நம்மூரில் மூளை வளர்ச்சி குறைந்த குழந்தை பிறந்தால் முதல் விசாரணை தாயிடம்தான். கிரகணத்தன்னிக்கு வெளியே போனியா, பப்பாளி சாப்பிட்டியா? இந்தக் கேள்விகளுக்கு ஒரு பதில் எலிக் கூண்டிலிருந்து வந்தது. வர அரை நூற்றாண்டு ஆனது.

1951-ல் எடின்பரோவில் டக்ளஸ் ஃபால்கனர் என்ற மரபியலாளர் ஒரு சுண்டெலியைப் பற்றி எழுதினார். நடந்தால் பின்பக்கம் சாய்ந்து விழும். எழுந்து மறுபடி விழும். 'ரீலர்', அதாவது தள்ளாடி என்று பெயர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்தக் குறை தெரியும்.

அந்த மூளையில் என்னதான் கோளாறு? பெருமூளைப் புறணி ஆறு அடுக்கு கொண்டது. நியூரான்கள் பிறப்பது உள்ளே, ஆழத்தில். அங்கிருந்து மேலே ஏறி வரணும். இதில் வேடிக்கை, பின்னால் பிறந்தவை முன்னால் பிறந்தவற்றைத் தாண்டி மேலே போய் உட்காரும். 1961-ல் ஆஞ்செவினும் சிட்மனும் கதிரியக்கத் தைமிடின் கொண்டு இதைக் காட்டினார்கள். ரீலர் எலியில் இந்த வரிசை ஏறக்குறைய தலைகீழ். நியூரான்கள் இருக்கின்றன, இடம்தான் மாறிப்போச்சு. சிறுமூளையும் சிறுத்துவிடுகிறது, அதனால்தான் தள்ளாட்டம்.

மரபணு சிக்கியது தற்செயலாக. அமெரிக்காவில் டாம் கரன் குழு ஃபாஸ் என்ற வேறொரு மரபணு ஆய்வுக்காக எலிகளில் டிஎன்ஏ துண்டு ஒன்றைப் புகுத்தியது. அது போய் உட்கார்ந்த இடம் ரீலர் மரபணு! 1995-ல் அது அடையாளம் காணப்பட்டது. அது உருவாக்கும் புரதம் ரீலின். புறணியின் மேல்விளிம்பில் இருக்கும் கஹால்-ரெட்சியஸ் செல்கள் அதைச் சுரக்கின்றன. ஏறிவரும் நியூரான்கள் சரியான இடத்தில் அமைய அந்தச் சமிக்ஞை வேண்டும்.

2000-ல் மனிதர்களிலும் இதே மரபணுவில் பழுது கண்டார்கள். குழந்தைகளின் மூளையில் மடிப்புகள் குறைவு, சிறுமூளை மிகச் சிறியது. பெற்றோர் உறவுக்காரர்கள், இருவருமே ஆரோக்கியமானவர்கள்.

மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டும் நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. இருவரிடமும் ஒரே பழுது ஒளிந்திருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. கல்யாணத்துக்கு முன்னாடியே மரபியல் ஆலோசகரிடம் கேட்கலாம். அதைக் கேட்காமல், பிறந்த பிறகு அந்தப் பெண்ணிடம் பப்பாளியைப் பற்றிக் கேட்பது என்ன நியாயம்?