பழைய சைக்கிள் பிரேமின் மதிப்பு

மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் கரிசல் சமவெளிக்கு ஏற்ற வண்டி, 28 அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் கொண்ட இரும்புச் சைக்கிள். தொடக்கத்தில் ராலே, ஹம்பர் போன்றவை இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. 1949-இல் முருகப்பா குழுமமும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனமும் சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. அம்பத்தூர் ஆலையில் உருவான ஹெர்குலிஸ் ஊரூராகப் பரவியது.

பழைய சைக்கிள்களைச் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது பிரேமை. டயர், சீட், செயின் எல்லாம் மாற்றக்கூடியவை. வண்டியின் அடையாளம் பிரேமில்தான் இருக்கிறது. எஃகுக் குழாய்களை இணைப்பு மூட்டுகளில் செருகி, பித்தளை உருக்கிப் பற்றவைத்த வேலை அது. ஹம்பரை அதன் இரட்டைக் குழாய் முன்கவையைக் கொண்டே தூரத்திலிருந்து சொல்லிவிடலாம். ராலேயின் முத்திரை நாரை. பிரேமில் பொறித்த எண், வண்டியின் வயதைக் கணிக்க உதவும். கடற்கரை ஊர்களைவிட இந்தக் கரிசல் வட்டாரத்தின் வறண்ட காற்றில் எஃகு துருவேறுவது குறைவு என்பதும் ஒரு நல்வாய்ப்பு.

மலைச் சைக்கிளின் பிறப்பும் பழைய பிரேமில்தான். 1970-களில் கலிபோர்னியா இளைஞர்கள் பழைய ஷ்வின் பிரேம்களில் மலைச்சரிவுகளில் இறங்கினர். அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-இல் அதற்கென்றே புதுப் பிரேம் செய்தார். அந்தக் காலப் பிரேம்கள் இன்று அருங்காட்சியகப் பொருள்கள்.

வீட்டில் பழைய பிரேம் கிடந்தால் எடைக்குப் போடவேண்டாம். புதுப் பெயின்டும் அடிக்கவேண்டாம். மங்கினாலும் மூல வண்ணத்துக்கே மதிப்பு அதிகம்.