அமியோடரோன் மாத்திரை: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

அமியோடரோன், ஒழுங்கற்ற இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்து. கார்டரோன் முதலிய வணிகப் பெயர்களில் 100, 200 மில்லிகிராம் மாத்திரைகளாகக் கிடைக்கிறது. 1960களில் பெல்ஜியத்தில் நெஞ்சுவலிக்கான மருந்தாக உருவானது. துடிப்பைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் பின்னரே தெரியவந்தது. இதயத்தின் கீழறைகளில் தோன்றும் உயிராபத்தான துடிப்புக் கோளாறுகளுக்கும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறை நடுக்கத்துக்கும் இது தரப்படுகிறது. இதயம் பலவீனமடைந்தவர்களுக்கும் கொடுக்கக்கூடிய சில மருந்துகளுள் இதுவும் ஒன்று. பக்கவிளைவுகள் பல இருந்தும் மருத்துவர்கள் இதைக் கைவிடாமைக்கு அதுவே காரணம்.

உடலில் தங்கும் மருந்து

பெரும்பாலான மாத்திரைகள் சில நாட்களில் உடலைவிட்டு வெளியேறிவிடும். அமியோடரோன் கொழுப்பு, கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றில் படிந்து தங்குகிறது. நிறுத்திய பின் அதன் அளவு பாதியாகக் குறையவே பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு மாதங்கள் ஆகும். எனவே பாதிப்பு பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தோன்றலாம். மருந்தை நிறுத்திய பிறகும் தோன்றலாம். "இத்தனை நாள் ஒன்றும் செய்யவில்லையே" என்னும் நம்பிக்கை இம்மருந்துக்குப் பொருந்தாது.

புறநோயாளிகள் பிரிவில் நாங்கள் காணும் சிக்கல் வேறொன்று. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தந்த பழைய சீட்டைக் காட்டி, பரிசோதனை எதுவுமின்றி ஆண்டுக்கணக்கில் கடையில் மாத்திரை வாங்குவோர் உண்டு. தொடக்கத்தில் சில வாரங்களுக்கு மட்டும் எழுதப்பட்ட கூடுதல் அளவையே தொடர்ந்து உட்கொள்வோரும் உண்டு. உங்கள் சீட்டு எப்போது எழுதப்பட்டது என்பதை இன்றே பாருங்கள்.

நுரையீரல்

அரிதாயினும் மிகவும் அஞ்சத்தக்கது நுரையீரல் பாதிப்பு. வறட்டு இருமல், நடக்கும்போது மூச்சிரைப்பு, இலேசான காய்ச்சல், எடைக் குறைவு ஆகியவை இதன் அறிகுறிகள். சளி, காசநோய், இதயச் செயலிழப்பு ஆகியவற்றிலும் இவையே தோன்றுவதால் உண்மைக் காரணம் எளிதில் தவறிப்போகிறது. முதியவர்களுக்கும், ஏற்கெனவே நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும், அதிக அளவில் நெடுநாள் உட்கொள்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். இருமல் மருந்து வாங்கிக் காலம் கடத்தாதீர்கள். எந்த மருத்துவரிடம் சென்றாலும் "அமியோடரோன் சாப்பிடுகிறேன்" என்பதை முதலில் சொல்லுங்கள்.

தைராய்டு

இம்மருந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின் உள்ளது. 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராம் அயோடின் உடலில் விடுபடுகிறது. வயதுவந்தவரின் அன்றாடத் தேவையோ 0.15 மில்லிகிராம் மட்டுமே. இதனால் தைராய்டு சுரப்பு குறைந்து சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை வரலாம்; அல்லது சுரப்பு மிகுந்து உடல் மெலிவு, நடுக்கம், மீண்டும் படபடப்பு வரலாம். அடங்கியிருந்த துடிப்புக் கோளாறு திடீரெனத் திரும்பினால் தைராய்டைச் சோதிப்பது அவசியம். அயோடின் கலந்த உப்பைத் தவிர்த்தால் போதுமா எனச் சிலர் கேட்பதுண்டு. மேற்கண்ட கணக்கே விடை: உப்பை மாற்றுவதால் பயனில்லை.

பிற உறுப்புகள்

கல்லீரல் பாதிக்கப்பட்டால் கண்கள் மஞ்சளாகும், பசி குன்றும். இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவது பெரும்பாலும் தீங்கற்ற படிவினால். ஆனால் பார்வை மங்கினால் உடனே கண் மருத்துவரைக் காண வேண்டும். வெயிலில் தோல் எளிதில் எரியும் என்பதால் வயல்வேலை, கட்டட வேலை செய்வோர் உடலை மூடும் ஆடை அணிவது நல்லது.

உடன் உட்கொள்ளும் மருந்துகள்

இரத்தம் உறையாதிருக்கத் தரப்படும் வார்ஃபரின், அசினோகூமரால் ஆகியவற்றின் ஆற்றலை அமியோடரோன் மிகுவிக்கும். அவற்றின் அளவைக் குறைத்து, ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி செய்யாவிடில் இரத்தக்கசிவு நேரலாம். டிஜாக்சின் அளவையும் பெரும்பாலும் பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கும். சிம்வாஸ்டாட்டின் கூடுதல் அளவில் சேர்ந்தால் தசை சிதையக்கூடும். காய்ச்சலுக்காகக் கடையில் நேரடியாக வாங்கும் அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் போன்றவையும் துடிப்பை ஆபத்தான வகையில் மாற்றக்கூடும். கருவுற்றிருப்போரும் பாலூட்டுவோரும் அதனை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். குழந்தையின் தைராய்டு பாதிக்கப்படலாம்.

பரிசோதனைகள்

மருந்தைத் தொடங்குமுன் ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகள் செய்யப்படும். பின்னர் தைராய்டு, கல்லீரல் சோதனைகள் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும், ஈசிஜியும் எக்ஸ்ரேயும் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறையும் தேவை. முடிவுகளை ஒரே கோப்பில் வையுங்கள். பழைய எக்ஸ்ரே படத்தோடு ஒப்பிடும்போதுதான் புதிய மாற்றம் தெரியும்.

இவற்றைப் படித்து அஞ்சி, மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். உயிராபத்தான துடிப்புக் கோளாறு மீண்டும் தோன்றக்கூடும். ஒருவேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்குரியதை மட்டும் உட்கொள்ளுங்கள்; இரட்டிப்பாக்காதீர்கள். மயக்கம், நாடி மிக மெதுவாதல், மூச்சுத்திணறல், கறுப்பு மலம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108 ஆம்புலன்ஸை அழைத்து, உட்கொள்ளும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.