மலையெல்லைத் தொலைத்தொடர்பு (இடுக்கி, பாலக்காடு)

கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்கள் தமிழ்நாட்டைத் தொடும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் கைபேசி, கண்ணாடி இழை, வயர்லெஸ், ஹாம் வானொலி ஆகியவை சேர்ந்து இயங்கும் அமைப்பு இது. தெற்கே மூணாறு, மறையூர், பூப்பாறை, குமுளி. வடக்கே வாளையாறு, அட்டப்பாடி, நெல்லியாம்பதி, பறம்பிக்குளம். இடுக்கியின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களுடைய சொந்தங்கள் தேனியிலும் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் இருக்கிறார்கள். வங்கியில் ஏறும் சம்பளம், ரேஷன் கடையின் கைரேகைக் கருவி, 108 ஆம்புலன்ஸ், ஊரிலிருந்து வரும் சாவுச் செய்தி எல்லாம் இங்கே ‘ரேஞ்ச்’ இருந்தால்தான் நடக்கும்.

கடலடியிலிருந்து மலைவரை

உலகத்தோடு இந்தப் பகுதியை இணைப்பவை சென்னை, மும்பை, கொச்சி ஆகிய நகரங்களில் கரையேறும் கடலடிக் கேபிள்கள். 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் இணையம் வெகுவாகத் தடுமாறியது. 2024 பிப்ரவரியில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது பாதிக்கப்பட்ட இணையப் போக்குவரத்து வேறு வழிகளுக்குத் திருப்பப்பட்டது. ஒரு வழி போனால் இன்னொரு வழி என்பதே வலைப்பின்னலின் உறுதி.

மலையேறும்போது அந்த உறுதி குறைந்துகொண்டே போகிறது. நகரங்களுக்கிடையே இழைகளை வளையமாகப் போடுகிறார்கள். ஓரிடத்தில் அறுந்தால் எதிர்ப்பக்கமாகச் செய்தி போய்ச் சேரும். கடைசித் தோட்டத்துக்கு இருப்பதோ ஒரே சாலை, ஒரே மின்கம்ப வரிசை, பெரும்பாலும் ஒரே டவர். சாலையோரம் சரிந்தால் மூன்றும் ஒன்றாகப் போகும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் நெல்லியாம்பதிச் சாலை பல இடங்களில் அறுந்து மலை தனித்தீவானது. அந்த நாள்களில் கேரளத்தின் பல பகுதிகளில் ஹாம் வானொலி ஆர்வலர்கள் பேட்டரியில் இயங்கும் கருவிகளைக் கொண்டு மீட்புச் செய்திகளைக் கடத்தினார்கள்.

பெட்டிமுடி, 2020

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்பட வேண்டிய இடம் பெட்டிமுடி. மூணாறுக்கு அப்பால் ராஜமலையைத் தாண்டி இருக்கும் தேயிலைத் தோட்டப் பகுதி. 2020 ஆகஸ்ட் 6 இரவு பத்தரை மணிக்கு மேல், தொழிலாளர் உறங்கிக்கொண்டிருந்த லயங்களின் (வரிசை வீடுகளின்) மீது மலை சரிந்து இறங்கியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 70 பேர். அவர்களில் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மழையில் மின்சாரம் நின்றிருந்தது, கைபேசியும் செயலிழந்திருந்தது. உயிர் தப்பியவர்கள் நடந்து போய்ச் சொல்லித்தான் மறுநாள் காலை வெளியுலகம் அறிந்தது. வழியில் பெரியவரையில் இருந்த தற்காலிகப் பாலமும் அடித்துச் செல்லப்பட்டதால் மீட்பு வாகனங்கள் மேலும் தாமதமாயின. மண்ணில் புதைந்தவர்களுக்கு முதல் சில மணி நேரமே உயிர். ஓர் இரவு முழுதும் செய்தி போகாமல் இருந்ததை இயற்கையின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

டவர் தானே சாய்ந்து விழுவது அரிது. மின்சாரம் போனதும் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், பிறகு ஜெனரேட்டர். அதற்கு டீசல் ஏற்றிவர வேண்டிய வண்டி, சரிந்த சாலையின் மறுபக்கம் நிற்கும். மழைக்காலத்துக்கு முன்பே டீசலை மேலே சேர்த்து வைப்பதும் பேட்டரியின் கொள்ளளவைக் கூட்டுவதும் புதிய டவர் நிறுத்துவதைவிட மலிவானவை, பல இடங்களில் அதைவிட அவசரமானவை. 2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவுக்குப் பின் சூரல்மலையில் பி.எஸ்.என்.எல். டவரை ஜெனரேட்டரில் ஓட்டி, மீட்புப் பணிக்காக அவசரமாக 4ஜி வசதியும் கொடுத்தார்கள்.

பெட்டிமுடிக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கிறது இடமலைக்குடி. 2010இல் உருவான, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. தமிழுக்கு நெருங்கிய மொழி பேசும் முதுவர்கள் வாழும் குடிகள் அவை. நோயாளியைக் கம்பளியில் கட்டித் தூக்கிவரும் பாதையில், சிக்னல் கிடைக்கும் மேடுதான் மருத்துவமனைக்கான முதல் படி.

அணைகளும் செய்தியும்

எல்லையின் அணைகளில் செய்தி இரு மாநிலங்களைக் கடக்க வேண்டும். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை இடுக்கியில் இருக்கிறது, இயக்குவது தமிழ்நாடு. நீர்மட்டம் 136 அடியை எட்டினால் அங்கிருந்து படிப்படியாக எச்சரிக்கை அனுப்பப்படுகிறது. 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி தேக்கும் எல்லை 142 அடி. 2021 இறுதியில் இரவில் மதகு திறந்ததாகவும் முன்னறிவிப்பு போதவில்லை என்றும் கேரளம் முறையிட்டது. அணைக்குக் கீழே உள்ள வண்டிப்பெரியாறில் ஆற்றங்கரை வீட்டில் உறங்குபவருக்கு, எந்த அரசு சொன்னது என்பதைவிட எத்தனை மணிக்குச் சொன்னது என்பதே முக்கியம்.

பாலக்காட்டுப் பறம்பிக்குளம் அணையையும் இயக்குவது தமிழ்நாடுதான். அங்கே போகும் சாலையும் தமிழ்நாட்டின் ஆனைமலை, சேத்துமடை வழியாகத்தான். 2022 செப்டம்பர் 21 அதிகாலை நடு மதகு கழன்று நீர் பாய்ந்தது. தகவல் உடனே கைமாறியதால் கீழே உள்ள பெரிங்கல்குத்து அணையின் ஊழியர்களும் சாலக்குடி ஆற்றங்கரை மக்களும் உஷாரானார்கள்.

எச்சரிக்கை முறைகள்

2023 ஜூனில் தொடங்கிய, கேரள அரசின் இழை வலைப்பின்னலான கே-ஃபோன், மின்வாரியத்தின் கம்பங்கள் வழியே அரசு அலுவலகங்களுக்கு இழை கொண்டுபோகிறது. 2025 ஜனவரியில் ‘கவசம்’ என்ற சைரன் அமைப்பைக் கேரளம் தொடங்கியது. ஒரே நேரத்தில் ஒரு பகுதியின் எல்லாக் கைபேசிகளையும் அலறவைக்கும் முறை 2023 அக்டோபரில் இரு மாநிலங்களிலும் சோதிக்கப்பட்டது. இது எண்ணைப் பார்க்காது, டவரைப் பார்க்கும். குமுளியிலும் போடிமெட்டிலும் வாளையாறிலும் கைபேசி அடிக்கடி அடுத்த மாநில டவரைப் பிடித்துக்கொள்ளும். கேரளம் அனுப்பிய எச்சரிக்கை அந்தக் கைபேசிக்கு வராமல் போகலாம். ஆகவே எல்லைப் பகுதிகளுக்கு இரு மாநிலங்களும் ஒரே நேரத்தில், தமிழிலும் மலையாளத்திலும் எச்சரிக்கை விடுவது அவசியமாகிறது.