தாய்மொழியில் மனநல ஆலோசனை: தொலைபேசி, இணையவழிச் சேவைகள் இயங்குவது எப்படி?

மனப்பதற்றம், பேரதிர்ச்சியின் பாதிப்பு, வேலையிழப்பு, மணமுறிவு, இடப்பெயர்வு போன்ற வாழ்க்கை மாற்றங்கள் தரும் நெருக்கடி ஆகியவற்றுக்குத் தொலைபேசி வழியாகவும் இணையவழியாகவும் ஆலோசனை பெறும் வசதி இன்று நாட்டில் உள்ளது. இத்தகைய சிகிச்சையின் முதன்மைக் கருவி பேச்சு. ஆகவே, எந்த மொழியில் பேசுவது என்பது வெறும் வசதி சார்ந்த கேள்வியன்று.

தேசிய மனநல ஆய்வு 2015-16-ன்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேர் மனநலக் கோளாறுகளால் பாதிக்கப்பட்டிருந்தனர். கோளாறின் தன்மைக்கேற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் வரை உரிய சிகிச்சையைப் பெறவில்லை. மருத்துவர்களின் எண்ணிக்கைக் குறைவும் சமூகக் கூச்சமும் இதற்கான காரணங்களில் அடங்கும். மொழியும் ஒரு தடையே எனினும், அது அதிகம் பேசப்படுவதில்லை.

ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லில் அடங்கும் பதற்றத்தை, தமிழ் பேசுவோர் பெரும்பாலும் உடலின் வழியே உணர்த்துகின்றனர். 'நெஞ்சு படபடக்கிறது', 'வயிற்றைப் பிசைகிறது' என்பார்கள். இந்தியில் 'கப்ராஹட்' என்ற சொல் அச்சத்தையும் படபடப்பையும் நிலைகொள்ளாமையையும் ஒருசேரக் குறிக்கும். இவற்றை அறியாத ஆலோசகர், மனவேதனையை வெறும் உடல் உபாதையாகக் கருதிவிட வாய்ப்புண்டு.

துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, பின்னர் ஆங்கிலம் கற்றவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2003-ல் வெளியானது. சிறுவயதில் கேட்ட கண்டிப்புச் சொற்களைத் தாய்மொழியில் கேட்டபோது அவர்களது உடல் காட்டிய எதிர்வினை, ஆங்கிலத்தில் கேட்டபோது இருந்ததைவிட வலுவாக இருந்தது. இதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. தாய்மொழியில் சொல்ல இயலாத கொடுமையை, உணர்ச்சிச் சுமை குறைந்த இரண்டாம் மொழியில் சிலரால் சொல்ல முடிகிறது. இருமொழி அறிந்த ஆலோசகரிடம் பேசுபவர், தேவைக்கேற்ப ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். அந்த மாற்றம் எந்த இடத்தில் நிகழ்கிறது என்பதே ஆலோசகருக்கு ஒரு குறிப்பாகும்.

மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை, 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, உலக மனநல நாளான 2022 அக்டோபர் 10-ல் தொடங்கப்பட்டது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் இதன் தலைமை மையமாகும். 14416 என்ற கட்டணமில்லா எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் உள்ளிட்ட நிபுணர்களுக்கு அழைப்பு மாற்றப்படும். தமிழகத்தில் இச்சேவை 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் வழங்கப்படுகிறது. செயலி 2024 அக்டோபரில் அறிமுகமானது.

மொத்தம் 20 மொழிகளில் சேவை உண்டு. ஆனால், ஒவ்வொரு மாநிலமும் தேர்ந்தெடுத்துள்ள மொழிகளிலேயே அது வழங்கப்படுகிறது. பிழைப்புக்காக வேறு மாநிலம் சென்றவர்களுக்குத் தாய்மொழி ஆலோசகரின் தேவை கூடுதல் என்பதால், இது சிறிய குறையன்று.

இணையவழி முறைக்கு எல்லைகளும் உண்டு. ஓரறை வீட்டில், பலர் பகிரும் கைபேசியில் அந்தரங்கம் பேசுவது கடினம். குடும்ப வன்முறைக்கு உள்ளானவருக்கு அது ஆபத்தாகவும் முடியலாம். கடும் அதிர்ச்சியை நினைவுகூரும்போது நிலைகுலைபவருக்கு மறுமுனையில் இருப்பவரால் நேரடியாக உதவ இயலாது. அதனால்தான், பேச்சின் தொடக்கத்திலேயே அழைப்பவர் இருக்கும் இடத்தையும் அவசரத் தொடர்பு எண்ணையும் கேட்டுப் பெறுவது நல்ல நடைமுறையாகக் கருதப்படுகிறது.

தனியார் செயலிகளை நாடுவோர் ஆலோசகரின் தகுதியைச் சரிபார்த்தல் அவசியம். மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 'ஆலோசகர்' என விளம்பரம் செய்வோர் அனைவரும் அப்பதிவைப் பெற்றவர்கள் அல்லர். பதிவு எண்ணுடன், எந்த மொழியில் சிகிச்சை அளித்த அனுபவம் உண்டு என்பதையும் முதல் அமர்விலேயே கேட்கலாம். ஒரு மொழியைப் பேசத் தெரிவதும், அதில் மனநோவைக் கேட்டறியத் தெரிவதும் ஒன்றல்ல.