மெடிசின் கிடைக்காத பிள்ளை எதைப் படிப்பது? உயிர்த்தகவலியலின் வரலாறு சொல்லும் பதில்



உயர்தரப் பெறுபேறு வரும் ஒவ்வொரு முறையும் உயிரியல் பிரிவுப் பிள்ளைகளின் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "மெடிசின் கிடைக்கல்ல, இனி என்ன?" அண்மைக்காலமாக அதற்குப் பதிலாக "உயிர்த்தகவலியல்" என்ற பெயரும் காதில் விழுகிறது. உடனே எந்தப் பாடநெறி, எவ்வளவு காசு என்று தேடத் தொடங்குகிறோம். சிலர் நகையை அடகு வைக்கவும் தயாராகிறார்கள். அதற்கு முன் இந்தத் துறை பிறந்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

சீனி வருத்தத்துக்கு நம் வீடுகளில் ஏற்றும் இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆனது. அவை எந்த ஒழுங்கில் கோக்கப்பட்டுள்ளன என்பதை 1950களில் பிரெட்ரிக் சேங்கர் கண்டறிந்தார். 1958இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். புரதத்தைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் வாசித்து, மீண்டும் பொருத்திப் பார்க்கும் வேலை அது. பல ஆண்டுகள் எடுத்தது.

அந்தப் பொருத்தும் வேலையைக் கணனியிடம் கொடுத்தவர்களில் முன்னோடி மார்கரெட் டேஹாப் என்ற அமெரிக்கப் பெண்மணி. இரசாயனவியல் படித்தவர். 1962இல் ரொபர்ட் லெட்லியுடன் சேர்ந்து ஐபிஎம் 7090 கணனிக்காக ஒரு நிரலை உருவாக்கினார். 1965இல் தன் சகாக்களுடன் 65 புரதங்களின் வரிசைகளைத் திரட்டி நூலாக வெளியிட்டார். அன்று இந்தத் துறைக்கென்று பாடநெறியும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஒரு கேள்வி இருந்தது. அதற்குத் தேவையானதை அவர் தேடிக் கற்றார்.

பின்னர் டிஎன்ஏ வரிசைகள் பெருகின. அவற்றைச் சேர்த்து வைக்கப் பொதுவான தரவுத்தளம் தேவைப்பட்டது. டேஹாபின் குழுவும் அதற்குப் போட்டியிட்டது. ஆனால் அவர்களின் தொகுப்பை மற்றவர்கள் மறுபகிர்வு செய்யக் கட்டுப்பாடு இருந்தது. லொஸ் அலமோஸ் தரப்போ யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்றது. 1982இல் வாய்ப்பு அவர்களுக்கே போனது. அதற்கான காரணங்களில் இந்தத் திறந்த மனமும் ஒன்று. அதுவே இன்றைய ஜென்பேங்க்.

2020 ஜனவரியில் கொரோனா வைரஸின் 29,903 எழுத்துக்கள் கொண்ட மரபணு வரிசை இணையத்தில் வெளியானது. வைரஸ் கைக்கு வருமுன்பே தடுப்பூசி வடிவமைப்பைத் தொடங்க அது வழிவிட்டது. பெரிய ஆய்வுகூடத்துக்குக் கிடைத்த அதே வரிசை, காத்தான்குடியில் கணனி வைத்திருக்கும் பிள்ளைக்கும் இலவசமாகவே கிடைத்தது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுக்க வேண்டியவை மூன்று.

ஒன்று: தரவும் கருவிகளும் இலவசம். ஜென்பேங்க், வரிசைகளை ஒப்பிட 1990இல் வந்த பிளாஸ்ட், இரண்டுக்கும் கட்டணம் இல்லை. நாம் காசு கொடுப்பது வழிகாட்டலுக்கு மட்டும்தான். அந்த வழிகாட்டல் தரமானதா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டு: செய்து பார்க்க வைக்கும் வளத்தையே தெரிவு செய்யுங்கள். ரோசலிண்ட் பிராங்க்ளின் பெயரில் "ரோசலிண்ட்" என்ற இலவசத் தளம் உண்டு. டிஎன்ஏ வரிசையில் நான்கு எழுத்துக்களும் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணுவதில் தொடங்கி, படிப்படியாகக் கடினமான கணக்குகளைத் தருகிறது. பைதன் மொழியின் அடிப்படை தெரிந்தால் போதும், தொடங்கலாம். காணொளி பார்த்துத் தலையாட்டுவதால் இது வராது.

மூன்று: இரண்டு காலும் வேண்டும். உயிரியல் படித்த பிள்ளைக்கு நிரலாக்கமும் புள்ளிவிபரவியலும் தேவை. கணிதப் பிரிவுப் பிள்ளைக்கு உயிரியல் தேவை. ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தின் இலவச இணையப் பாடங்கள் இதற்கு உதவும். இவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான். ஆகவே ஆங்கிலத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆய்வு வேலைகளுக்குப் பெரும்பாலும் பட்டம் கேட்பார்கள். ஒரு குறுகிய காலச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. ஆனால் பிள்ளைக்கு இதில் ஈடுபாடு இருக்கிறதா என்று அறிய ஒரு கணனியும் இணையமும் மூன்று மாதப் பொறுமையும் போதும். நகையை அடகு வைக்கும் யோசனையை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதை எத்திவையுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. வஸ்ஸலாம்.